மொறிஸ் மைனர் எஞ்சின் மவுண்ட்: கிளச் உதறலில் தொடங்கி இறப்பரில் முடிந்த வேலை

முதல் கியரில் கிளச்சை விடும்போது எஞ்சினின் மேல்மூடியான ரொக்கர் கவர் பக்கவாட்டில் 24 மி.மீ. எழும்பியது. எஞ்சினைத் தாங்கும், இரும்பும் இறப்பரும் ஒட்டிய மவுண்ட்டுகளை மாற்றி வேலை முடிந்த பிறகு அதே இடத்தில், அதே அடிமட்டத்தில் 8 மி.மீ. இந்த இரண்டு அளவுக்கும் நடுவில் மூன்று வார இறுதிகளும் தேவையில்லாமல் வாங்கிய ஒரு கிளச் பிளேட்டும் போயின. மட்டக்களப்புப் பக்கம் மைனர் வைத்திருப்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பிளேட்டின் காசாவது மிஞ்சட்டும் என்றுதான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

கார் மொறிஸ் மைனர் 1000, நான்கு கதவு, 1098 சி.சி. எஞ்சின். பழைய ஸ்ரீ நம்பர். கல்லடியில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நிற்கும் வண்டி என்பதால் அடிப்பக்கம் எப்போதும் உப்புக்காற்றுத்தான். கறளைக் கணக்கில் எடுக்காமல் இந்த ஊரில் ஒரு நட்டையும் தொட முடியாது.

அறிகுறி இதுதான். நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது வண்டி முழுவதும் உதறும். றிவேர்ஸில் இன்னும் மோசம். ஓட ஆரம்பித்தால் ஒன்றுமில்லை. ஐட்லிங்கில் ஸ்டியரிங் வளையம் நடுங்கும். பாலத்தில் ஏறும்போது அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று ஒரு சத்தம்.

கிளச் உதறல் என்றால் பிளேட்டில் ஒயில் பட்டிருக்கிறது என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்வது. மைனரில் வரும் ஏ-சீரிஸ் எஞ்சினின் பின்பக்கத்தில் ஒயில் கசிவது வழமை என்பதால் அதை நம்பவும் இலகு. நம்பி, பிளேட்டும் வாங்கியாயிற்று. முந்தைய 948 சி.சி. மைனருக்கு 6¼ அங்குலப் பிளேட், 1098க்கு 7¼ அங்குலம். கடையில் ‘மைனர் பிளேட்’ என்று மட்டும் கேட்டால் எது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. எஞ்சினை இறக்க நாள் குறித்த பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது: பிளேட்டில் ஒயில் பட்டிருந்தால் மூன்றாம், நான்காம் கியரில் அக்சிலேற்றரை மிதிக்கும்போது எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. இந்த வண்டி நான்காம் கியரில் வழுக்காமல் இழுத்தது. இன்னொன்று, மைனரின் கியர் லீவர் கியர்பொக்ஸோடு பூட்டியதுதான். கிளச்சை விடும் நேரத்தில் லீவர் முனை ஒரு பெருவிரல் அகலத்துக்குத் தானாக அசைந்தது. பிளேட் உதறினால் லீவர் நடுங்கும். இப்படி இடம்பெயராது. எஞ்சினும் கியர்பொக்ஸும் சேர்ந்து ஒரு பக்கம் சாய்ந்து எழும்புகின்றன என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். பொனட்டைத் திறந்து, ரொக்கர் கவருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டீல் அடிமட்டத்தை நிமிர்த்தி, உள்மட்கார்ட்டில் டேப்பால் ஒட்டவும். கவரின் விளிம்பில் வெள்ளைச் சோக்கால் ஒரு கோடு. ஹேன்ட் பிரேக் இறுக்கமாக இருக்க வேண்டும், பின்சில்லுகளுக்குக் கட்டை வைக்க வேண்டும். ஒருவர் உள்ளே இருந்து முதல் கியரைப் போட்டு, கிளச்சை மெல்ல மெல்ல விட்டு, எஞ்சின் திணறத் தொடங்கும் இடத்தில் மீண்டும் மிதிக்க வேண்டும். பார்ப்பவர் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும். காருக்கு முன்னால் நிற்கவே கூடாது. “மெதுவா விடு மச்சான், இன்னும் கொஞ்சம், போதும், போதும்” என்று குரல் கொடுத்துச் செய்தால் அரை நிமிட வேலை. போனில் ஸ்லோ மோஷனில் எடுத்து வைத்தால் அளவைப் பிறகு ஆறுதலாக வாசிக்கலாம்.

எந்தப் பக்கம் எழும்புகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் கியரில் இடப்பக்கம், அதாவது கார்பரேற்றரும் மனிஃபோல்டும் இருக்கும் பக்கம், மேலே வரும். றிவேர்ஸில் வலப்பக்கம், டயனமோ இருக்கும் பக்கம், வரும். முன்னோக்கி எடுக்கும் ஒவ்வொரு முறையும் இடது மவுண்ட் இழுபடுகிறது, வலது நசுங்குகிறது. அதனால் இடது கிழிந்து சாகும், வலது அமர்ந்து சாகும். இந்த வண்டியிலும் அப்படியேதான் இருந்தது. இடது பக்கத்தில் இறப்பருக்கும் இரும்புத் தகட்டுக்கும் நடுவில் டோர்ச் வெளிச்சம் அடுத்த பக்கம் தெரிந்தது. வலது இறப்பர் கிழியவில்லை. ஆனால் ஒயில் குடித்து உப்பி, ஓரங்கள் பிதுங்கி, நகத்தால் அழுத்தினால் தொதல் மாதிரி குழி விழுந்து அப்படியே நின்றது.

பாலத்தில் கேட்ட ‘டொக்’ சத்தமும் இங்கிருந்துதான். எஞ்சின் அமர்ந்ததால் சைலன்சர் குழாய் சேசிஸில் முட்டியிருந்தது. முட்டிய இடத்தில் பெயின்ட் போய், இரும்பு காசு மாதிரி மினுங்கியது.

இங்கே ஒரு தவறான வழியில் போனோம். பழைய லொறி ரயரின் பக்கச்சுவரை வெட்டி, மவுண்ட்டின் அளவுக்குக் கட்டையாக்கி, இடைவெளியில் திணிப்பது இந்தப் பகுதிக் கராஜ்களில் வழக்கம். 600 ரூபாவில் வேலை முடிந்தது. உதறல் பாதியாகக் குறைந்தது, ஆனால் ஐட்லிங்கில் கண்ணாடி, கதவு, டாஷ்போர்ட் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கிலுகிலுத்தன. ரயரின் பக்கச்சுவருக்குள் நூல் அடுக்கு இருக்கிறது. அது நசுங்குமே தவிர, மவுண்ட் இறப்பர் மாதிரிப் பக்கவாட்டில் அசைந்து கொடுக்காது. அதைவிட மோசமானது, கிழிந்த மவுண்ட்டின் நடுவால் துளை போட்டு நீளமான போல்ட் ஒன்றை ஏற்றி இறுக்குவது. அதன் பிறகு அது மவுண்ட் அல்ல, இரும்போடு இரும்பு. கொஞ்ச நாளில் முன் எஞ்சின் தகட்டில் வெடிப்பு வரும்.

அந்த முன் தகட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மவுண்ட் ஏன் செத்தது என்பதற்கான விடை அங்கேதான். எஞ்சின் புளொக்கின் முகத்துக்கும், முன்னால் டைமிங் சங்கிலியை மூடும் டைமிங் கவருக்கும் நடுவில் ஒரு இரும்புத் தகடு இருக்கிறது. அது இரண்டு பக்கமும் கை மாதிரி நீண்டு, இரண்டு மவுண்ட்டிலும் அமர்கிறது. டைமிங் கவரின் சீல், அதாவது ஒயிலைத் தடுக்கும் வளையம், கசிந்தால் ஒயில் வேறெங்கும் போகாது. தகட்டின் வழியே வடிந்து நேரே இறப்பருக்குத்தான் வரும். வலப்பக்கத்தில் ஒயில் பில்டரும் இருப்பதால், பில்டர் மாற்றும்போது சிந்துவதும் அங்கேயே சேரும். கசிவை நிறுத்தாமல் புது மவுண்ட் போடுவது ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பது போல. அதனால் சீல்தான் முதல் வேலை.

ரேடியேற்றரைக் கழற்றி, கிராங்க் புலியின் (ஃபேன் பெல்ட் ஓடும் சில்லின்) பூட்டு வொஷரை நிமிர்த்தி, பெரிய நட்டை எடுத்து, புலியை இழுத்தால் கவர் முன்னால் இருக்கும். கவரைச் சுற்றி 1/4 அங்குலம், 5/16 அங்குலம் என்று இரண்டு பருமனில் போல்ட்டுகள். ஒரு காட்போர்ட் துண்டில் கவரின் படத்தைக் கீறி, எந்தத் துளையில் இருந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வைத்தால் குழப்பம் வராது. சீலைத் தட்டி ஏற்றுவது சுலபம். தவறு நடப்பது அதற்குப் பிறகு. கவரைப் போட்டவுடன் போல்ட்டுகளை இறுக்கக் கூடாது. விரலால் மட்டும் பூட்டி, புலியின் கழுத்தில் கொஞ்சம் ஒயில் தடவி, சீலுக்குள் நுழைத்துத் தள்ளினால் கவர் தானே நடுவுக்கு வரும். அதன் பிறகே சுற்றிவர இறுக்க வேண்டும். நடுவில் இல்லாத கவரில் புதுச் சீல் ஒரு மாதமும் தாங்காது. கவரின் பின்னால் இருக்கும் ஒயில் தடுப்பு வளையத்தை எந்தப் பக்கமாக எடுத்தோமோ அந்தப் பக்கமாகவே போட வேண்டும். கழற்றும்போது ஒரு படம் எடுத்து வையுங்கள்.

இனி மவுண்ட்.

சாமான் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ‘ஒரிஜினல், பெட்டி உடைக்காதது’ என்று பழைய கடைகளில், மைனரைச் செய்த பி.எம்.சி. கம்பெனியின் காலத்துப் பெட்டியோடு மவுண்ட் கிடைக்கும். இரும்புச் சாமான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இறப்பரை வாங்காதீர்கள். மைனர் தயாரிப்பு நின்றது 1971இல். அதுவரை பின்னால் போகும் இறப்பர் அலமாரியில் இருந்தே காய்ந்து கல்லாகியிருக்கும். மடக்கிப் பார்க்க முடியாது என்பதால் ஓரத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள்: நகம் கொஞ்சம் இறங்கி, எடுத்தவுடன் தடம் மறைய வேண்டும். தடமே விழாவிட்டால் காய்ந்தது. இரும்பும் இறப்பரும் ஒட்டியிருக்கும் ஓரத்தைச் சுற்றிப் பார்த்து, மயிரிழை பிளவு இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாம் போட்டது புதிதாகச் செய்த சாமான், கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்தது.

ஸ்பானர் விஷயத்தில் பிடிவாதமாக இருக்க வேண்டும். இந்தக் காரின் நட்டுகள் அங்குல அளவு, யூ.என்.எஃப். எனப்படும் நெருக்கமான மரை. 7/16, 1/2, 9/16 என்ற மூன்று ரிங் ஸ்பானரும் அதே அளவு சொக்கெட்டும் போதும். 1/2 அங்குலம் என்பது 12.7 மி.மீ. அதில் 13ஐப் போட்டால் பிடிப்பது போலத் தெரியும். கறள் பிடித்த நட்டில் பலம் கொடுத்தவுடன் மூலைகள் உருண்டுவிடும். 9/16க்கு 14 ஏறாது, 15 ஆடும். மரையிலும் இதே பொறி இருக்கிறது. 5/16 அங்குலம் 7.94 மி.மீ. என்பதால் எட்டு மில்லி நட் ஒன்று ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு நெரியும். 5/16 யூ.என்.எஃப்.பில் ஓர் அங்குலத்துக்கு 24 மரை, எட்டு மில்லியில் கிட்டத்தட்ட 20. இந்தக் காரின் இடப்பக்கத்தில் யாரோ முன்பு அப்படி நெரித்து ஏற்றிய ஒரு நட்டை எடுக்கப் போய் ஸ்டட் முறிந்தது. பழைய மவுண்ட்டின் ஸ்டட் என்பதால் தப்பியது. அதோடு நெரிந்து கிடந்த, மவுண்ட்டைத் தாங்கும் இரும்புக் கோபுரத்தின் துளையை லேத் கடையில் சீர்செய்ய 1,500 ரூபா போனது.

முதல் நாள் மாலையே எல்லா நட்டுக்கும் கறள் இளக்கும் ஸ்பிரே அடித்து, இரவு முழுக்க ஊறவிடவும். காலையில் ஸ்பானரைப் போடுமுன் சின்னச் சுத்தியலால் நட்டின் பக்கங்களில் நாலு தட்டு.

கழற்ற வேண்டியவை கொஞ்சம்தான். முதலில் பற்றரி வயர். எயார் பில்டர், அக்சிலேற்றர் இணைப்பு, சோக் கேபிள். சைலன்சர் குழாயை கியர்பொக்ஸோடு பிடிக்கும் பிடியை இளக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சினைத் தூக்கும்போது மனிஃபோல்டில் பலம் விழும். ரேடியேற்றரை முதலே பூட்டிவிட்டிருந்தால் மேல் ஹோஸை இளக்கி, ஃபேனுக்கும் ரேடியேற்றருக்கும் நடுவில் ஒரு காட்போர்ட்டைத் தொங்கவிடவும். சீல் வேலையும் மவுண்ட் வேலையும் ஒரே நாளில் நடந்தால் ரேடியேற்றரைக் கடைசியில் பூட்டுவதே நல்லது. எஞ்சினுக்கும் ஃபயர்வோலுக்கும் நடுவில் ஸ்டெடி பார் (எஞ்சின் ஆட்டத்தைத் தடுக்கும் தண்டு) இருந்தால் அதையும் ஒரு முனையில் விடுவிக்க வேண்டும். அதன் புஷ் இரண்டையும் அப்போதே பாருங்கள். அதன் பிடி ஹெட் நட்டின் கீழ் இருந்தால் திரும்ப இறுக்கும்போது ஹெட் நட்டின் கணக்கு, 40 இறாத்தல்-அடி.

ஜக்கை, எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தொட்டியான சம்ப்பின் கீழ் நேரே வைக்கக் கூடாது. அது மெல்லிய தகடு. ஓர் அங்குலத் தடிப்பில், சம்ப்பின் அகலத்துக்கு ஒரு பலகை வைத்து, பாரம் ஓரங்களில் விழும்படி, வடிக்கும் போல்ட்டுக்கு எட்டாமல் ஜக்கைப் பிடிக்க வேண்டும். கார் அக்சில் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். எஞ்சினைத் தூக்கும் ஜக்கைக் காரைத் தாங்கும் ஜக்காக நினைத்து ஒருவரும் அடியில் நுழையக் கூடாது.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம். மற்றப் பக்கத்தை இளக்கி மட்டும் விட்டால் எஞ்சின் தன் இடத்தை மறக்காது. 15 முதல் 20 மி.மீ. உயர்த்தினால் மவுண்ட் வெளியே வரும். அதற்கு மேல் தேவைப்பட்டால் எங்கோ ஒன்று பிடித்திருக்கிறது என்று அர்த்தம். தேடிப் பாருங்கள், ஜக்கை மிதிக்காதீர்கள். வலப்பக்கம் மேலிருந்தே கை போகும். இடப்பக்கம் மனிஃபோல்ட் மறைப்பதால் அடியிலிருந்துதான். மவுண்ட் வந்த பிறகு தகட்டின் துளைகள் நீள்வட்டமாகியிருக்கின்றனவா, கோபுரத்தின் அடியில் வெடிப்பு இருக்கிறதா என்று வயர் பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்க்க வேண்டும். தகட்டின் ஒயிலை மண்ணெண்ணெயால் துடைத்துவிட்டு, சவர்க்காரத் தண்ணீரால் முடிக்கவும். புது இறப்பரில் மண்ணெண்ணெயோ டீசலோ படவே கூடாது.

பழைய இரண்டையும் மேசையில் வைத்து அளந்தபோது புதிய மவுண்ட்டை விட வலது 9 மி.மீ. தாழ்ந்திருந்தது. இடது உயரத்தில் சரி, ஆனால் கையால் இழுத்தபோது இரண்டு துண்டாக வந்தது. ஒட்டுப் போன இரும்பில் ஒரு ரூபாக் குற்றி அளவு இடம் மட்டும் கறுப்பாகப் பளபளத்தது. மிச்சம் முழுவதும் கறள். அந்தச் சின்னப் பொட்டு மட்டும்தான் இத்தனை நாளும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

பூட்டும்போது செய்த தவறு இன்னொன்று. ஜக்கில் எஞ்சின் நிற்கும்போதே எல்லா நட்டையும் முழுதாக இறுக்கிவிட்டு, பிறகு இறக்கினோம். இறப்பர் முறுகிய நிலையிலேயே பூட்டுப்பட்டது. ஐட்லிங்கில் புது மவுண்ட்டோடும் ஸ்டியரிங் நடுங்கியது. மவுண்ட் சரியில்லை என்று கடைக்குத் திருப்பி அனுப்ப நினைத்த அளவுக்கு நடுக்கம். பிறகு எல்லா நட்டையும் ஒன்றரைச் சுற்று இளக்கி, ஜக்கை எடுத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டு, நிறுத்தி, கையால் இரண்டு தரம் அசைத்துவிட்டு இறுக்கினோம். 5/16 நட்டுக்கு 18 இறாத்தல்-அடி. நடுக்கம் அங்கேயே நின்றது. சைலன்சர் பிடியையும் இதே மாதிரி கடைசியில்தான் இறுக்க வேண்டும். மவுண்ட்டைச் சரியாக அமர்த்திவிட்டுக் குழாயை இழுத்துக் கட்டினால் எஞ்சின் மீண்டும் குழாயில்தான் தொங்கும்.

இந்த நிலையில் அளவு 14 மி.மீ. முதல் கியரில் உதறல் இல்லை. றிவேர்ஸில் கொஞ்சம் இருந்தது.

பின்பக்கத்தைப் பார்க்காமல் விட்டதன் விளைவு அது. கியர்பொக்ஸின் வால் இரண்டு சின்ன இறப்பரில், ஒரு குறுக்குச் சட்டத்தின் மேல் நிற்கிறது. அடியிலிருந்து பார்த்தால் நல்லதாகத் தெரியும். நெம்புகோலை வைத்து மெல்ல உயர்த்தினால்தான் இறப்பர் வாய் திறக்கும். இந்த வண்டியில் இரண்டில் ஒன்று திறந்தது. முன் மவுண்ட் போகும்போது பின்னதும் போயிருக்கும் என்றே எடுத்துக்கொண்டு நான்கையும் சேர்த்து வாங்குவதுதான் சரி.

வேலை கடினமில்லை, ஆனால் நேரம் தின்னும். முன் சீட், கார்பெட் எல்லாம் எடுத்து, காரின் தரையில் இருக்கும் கியர்பொக்ஸ் மூடியின் ஸ்குரூக்களைக் கழற்ற வேண்டும். உப்புக்காற்றில் பாதி ஸ்குரூ தலையோடு போனது. துளைத்து எடுத்ததில் மட்டும் மூன்று மணி நேரம். பிறகு கியர்பொக்ஸை ஜக்கில் தாங்கி, குறுக்குச் சட்டத்தை இளக்கி, இறப்பர்களை மாற்றலாம். சேசிஸுக்குள் ஒட்டியிருக்கும் நட்டுகள் சுழன்றுவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டி வரும் என்பதால், போல்ட்டைக் கால் சுற்று திறந்து, அரைக்கால் சுற்று திரும்ப இறுக்கி, மீண்டும் திறந்து என்று பொறுமையாக எடுக்க வேண்டும். கிளச் இணைப்புத் தண்டு சேசிஸுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில் இருப்பதால் உயரம் மாறும்போது கிளச் மிதியின் விளையாட்டும் (பிடிக்குமுன் மிதி சும்மா இறங்கும் தூரம்) மாறும். தொடங்குமுன் அளந்து எழுதி வைத்து, முடிந்த பிறகு அதே அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

எஞ்சினுக்கும் காரின் பொடிக்கும் இடையிலான எர்த் பட்டியை மறக்க வேண்டாம். மவுண்ட் இறப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. பட்டியைப் பூட்டாமல் ஸ்டார்ட்டரை அடித்தால் மின்சாரம் சோக் கேபிள் வழியே போய் அதைச் சிவக்கக் காய்ச்சிவிடும். இங்கே பட்டியின் இரு முனையிலும் கறளைச் சுரண்டி, இரும்பு தெரிந்த பிறகு பூட்டினோம். ஸ்டார்ட்டர் சுழலும் வேகமும் கூடியது, இது எதிர்பார்க்காத இலாபம்.

செலவு: முன் மவுண்ட் இரண்டு 8,400, பின் இறப்பர் இரண்டு 5,200, டைமிங் சீல் 1,100, கவர் காஸ்கெட் 900, நட், போல்ட், ஸ்பிரிங் வொஷர் 1,350, பார்சல் 800, லேத் 1,500. மொத்தம் 19,250 ரூபா. ரயர் இறப்பர் 600 வீண். 11,500 ரூபா கிளச் பிளேட் பெட்டியோடு அலமாரியில் இருக்கிறது. என்றோ ஒருநாள் தேவைப்படும், ஆனால் இந்த முறை இல்லை. நேரம்: சீல் ஒரு நாள், முன்பக்கம் ஐந்து மணி, பின்பக்கம் ஏழு மணி.

அடுத்த தடவை மாற்றிச் செய்வது: நான்கு இறப்பரும் சீலும் ஒரே நாளில், ரேடியேற்றர் வெளியே இருக்கும்போதே. கியர்பொக்ஸ் மூடிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கிரீஸ். வலது மவுண்ட்டின் மேல் ஒயில் வழியாமல் மெல்லிய அலுமினியத் தகட்டில் ஒரு கூரை. இதை இப்போதே பால்மா டின்னில் வெட்டிப் போட்டுப் பார்த்தோம், பில்டர் மாற்றும்போது சிந்திய ஒயில் தகட்டில் வழிந்து வெளியே விழுந்தது.

கல்முனை வரை போய் வந்து, 500 கிலோமீற்றர் ஓடிய பிறகு எல்லா நட்டையும் திரும்பப் பார்த்தபோது இடப்பக்கத்தில் ஒன்று கால் சுற்று எடுத்தது, மற்றவை அசையவில்லை. அடிமட்டத்தில் இன்னும் 8 மி.மீ.